சீஷத்துவ வகுப்புக்கு முன்பு மாற்கு சுவிசேஷத்தின் நடுப்பகுதியை முழுதாக வாசியுங்கள்: கொழும்புத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு மாநகரத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்யும் குருவானவர்களுக்கும் போதகர்களுக்கும், சபைக் குழு அங்கத்தவர்களுக்கும், ஞாயிறு பாடசாலை, திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்களுக்கும்.

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

ஈஸ்டருக்கு முந்திய லெந்து காலம் நெருங்கினால் நமது ஆலயங்களின் அறிவித்தல் பலகைகளில், இயேசுவின் சீஷராக வாழப் பழக்கும் சீஷத்துவ வகுப்புகளின் பட்டியல் ஏறிவிடும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடை, வெள்ளவத்தை என்று எங்கே பார்த்தாலும் அமைப்பு ஒன்றுதான்: வாரத்துக்கு ஒரு தலைப்பு, தலைப்புக்கு ஒரு அச்சுத்தாள், கடைசி நாளில் சான்றிதழ், குழுப் புகைப்படம். வகுப்பை முடித்தவர் அடுத்த பொதுக்கூட்டத்தில் பதவிக்குத் தகுதியானவராகப் பார்க்கப்படுகிறார். உங்கள் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த அமைப்பு, சுவிசேஷங்களில் இயேசு சீஷர்களைப் பழக்கிய முறைக்கு நேர் எதிராக ஓடுகிறது. அவர் தாழ்மையைத் தனிப் பாடமாக நடத்தவில்லை. யார் பெரியவன் என்ற சண்டை மூண்டபோது, சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்தபோது, காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, அந்தந்த இடத்திலேயே நிறுத்திச் சொன்னார். நமது வகுப்புகளும் அப்படி நடக்க வேண்டும், அதற்கு நமது சபைகளின் சில வழக்கங்கள் மாறவும் வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் வேதபகுதி. மாற்கு சுவிசேஷத்தில் 8:22 இல் தொடங்கி 10:52 இல் முடியும் பகுதியை ஒரே மூச்சில் உரத்து வாசித்தால் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். பெத்சாயிதாவில் ஒரு குருடன் பார்வை பெறுவதில் அது தொடங்குகிறது. எரிகோவில் பர்திமேயு பார்வை பெறுவதில் முடிகிறது. இடையில் செசரியா பிலிப்பு முதல் யூதேயா வரை நூறு மைலுக்கு மேற்பட்ட தெற்கு நோக்கிய பயணம். அந்தப் பயணத்தில் இயேசு தமது பாடுகளையும் மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் மூன்று முறை முன்னறிவிக்கிறார்: 8:31, 9:31, 10:33-34. மூன்று முறையும் அடுத்த வசனங்களிலேயே சீஷர்கள் சறுக்குகிறார்கள். முதல் முறை பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறான். இரண்டாம் முறை தங்களுக்குள் யார் பெரியவன் என்று வழிநெடுக வாதாடிவிட்டு, கப்பர்நகூமில் வீட்டுக்குள் வந்து அவர் கேட்டதும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் அவருடைய மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டு வருகிறார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அந்தப் பத்துப் பேரின் கோபத்தை வகுப்பில் யாரும் பேசுவதில்லை. அது நீதியான கோபமாக இருந்திருந்தால் இயேசு பன்னிருவரையும் அருகே அழைத்து ஒரே பேச்சைப் பேசியிருக்க மாட்டார். இடம் கேட்காத பத்துப் பேருக்கும் அதே ஆசைதான் இருந்திருக்கிறது. சகோதரர் இருவர் முந்திக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சறுக்கலுக்குப் பின்னும் போதனை வருகிறது: சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றுவது, எல்லாருக்கும் கடையானவனாக இருப்பது, ஊழியக்காரனாக இருப்பது. இந்த மூன்றையும் நாம் மூன்று வாரத் தலைப்புகளாக வெட்டி எடுத்துவிடுகிறோம். சீஷர்களின் சறுக்கல் வெளியே விழுந்துவிடுகிறது. போதனை மட்டும் பொன்மொழியாக மிஞ்சுகிறது. பொன்மொழிக்குத் தலையாட்டுவது எல்லாருக்கும் எளிது. முழுதாக வாசித்தவருக்கோ வேறொன்று தெரியவரும்: பன்னிருவரும் மூன்று முறை தவறுகிறார்கள், இயேசு ஒருவரையும் விலக்கி வேறு ஆள் எடுக்கவில்லை, தமது போதனையையும் இலகுவாக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கூடும் வகுப்பில்தான் தங்கள் பதவி ஆசையைப் பற்றி வாய் திறக்க யாருக்கும் துணிவு வரும்.

இரண்டு குருடர்களின் நிகழ்வுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். பெத்சாயிதாவில் பார்வை இரண்டு கட்டமாக வருகிறது. முதல் தொடுதலுக்குப் பின் அவன் “நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்” என்கிறான். அடுத்த காட்சியிலேயே பேதுரு “நீர் கிறிஸ்து” என்கிறான், உடனே சிலுவையை மறுக்கிறான். அவனுடைய பார்வையும் பாதிப் பார்வைதான். இன்னொரு ஒப்பீடு இதைவிடக் கூர்மையானது. யாக்கோபையும் யோவானையும் பார்த்து இயேசு கேட்கும் கேள்வி 10:36 இல் இருக்கிறது: நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறீர்கள்? அதே கேள்வியை 10:51 இல் பர்திமேயுவிடம் கேட்கிறார். கூடவே நடந்த இருவர் மகிமையின் ஆசனங்களைக் கேட்டார்கள். வழியோரத்தில் பிச்சையெடுத்தவன் பார்வையைக் கேட்டான், பெற்றான், இயேசுவுக்குப் பின்னே வழியில் நடந்தான். எரிகோவிலிருந்து எருசலேமுக்கு அந்த வழி ஏறக்குறைய 27 கிலோமீற்றர். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் எரிகோவிலிருந்து ஆயிரம் மீற்றர் உயரம் ஏறவேண்டிய மலைப்பாதை. ஏற்றத்தின் முடிவில் சிலுவை இருக்கிறது. இந்த ஒப்பீட்டைப் பிள்ளைகளாகவே கண்டுபிடிக்க விடுங்கள். ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

விசுவாசத்தைப் பற்றி நாம் பேசும் விதமும் திருத்தம் கேட்கிறது. “பெரிய விசுவாசம்” உள்ளவர்கள் என்று நமது சாட்சிக் கூட்டங்களில் மேடையேற்றப்படுகிறவர்கள் யார்? மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு விசுவாசத்தின் பெருமையைப் பாராட்டும் ஆட்கள் இருவர்: கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதி, தீரு சீதோன் பக்கத்துக் கானானியப் பெண். இருவரும் இஸ்ரவேலுக்கு வெளியே இருந்தவர்கள். இருவரும் தங்களுக்காக அல்ல, வீட்டில் வேதனையில் கிடந்த இன்னொருவருக்காக வந்தவர்கள். தான் பாத்திரன் அல்ல என்று நூற்றுக்கு அதிபதி சொல்கிறான்; மேசையிலிருந்து விழும் துணிக்கைகள் போதும் என்று அந்தப் பெண் சொல்கிறாள். அதே சுவிசேஷத்தில் சீஷர்களுக்கு நான்கு இடங்களில் கிடைக்கும் பெயர் “அற்பவிசுவாசி”. உங்கள் சபைக்கு ஞாயிறு மட்டும் வந்து கடைசி வரிசையில் நிற்பவர்களை இந்த வசனங்களோடு ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மாற்கு 9:14-29 நோயாளிகளுக்காக ஜெபிக்கிற எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பகுதி. தகப்பன் ஒருவன் கொண்டுவந்த, ஊமையான ஆவி பிடித்த பையனைச் சுகப்படுத்தச் சீஷர்களால் முடியவில்லை. இயேசு அந்தத் தவறைப் பையன்மேல் போடவில்லை. தகப்பனுடைய விசுவாசம் போதாது என்று திருப்பி அனுப்பவுமில்லை. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சொன்ன அந்த அரைகுறை விசுவாசத்துக்கே பதில் கிடைத்தது. ஏன் எங்களால் முடியவில்லை என்று சீஷர்கள் தனியே கேட்டபோது, குறை அவர்களுடைய ஜெபத்தில் இருப்பதாகக் காட்டினார். இதற்கு நேர்மாறாக, சுகம் கிடைக்காதவரைப் பார்த்து “உங்களுக்கு விசுவாசம் போதாது” என்று சொல்லும் வழக்கம் இந்த நகரத்தின் சில ஜெபக் கூட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. அதைக் கேட்டவர் நோயோடு குற்ற உணர்வையும் வீட்டுக்குச் சுமந்து போகிறார். சிலர் விசுவாசத்தைக் காட்டுவதற்காக இன்சுலினையும் இரத்த அழுத்தக் குளிசையையும் நிறுத்திவிடுகிறார்கள்; அதன் விளைவு பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வரலாம். ஜெபக் குழுவுக்கு இப்படி ஒரு விதி வையுங்கள்: நோயாளியின் சம்மதத்தைக் கேட்டு ஜெபிப்பது, சுருக்கமாக ஜெபிப்பது, மருந்தை நிறுத்து என்று எந்தச் சந்தர்ப்பத்திலும் சொல்லாமல் இருப்பது, அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டு வைத்துக்கொண்டு துணைக்கு ஒருவரை அனுப்புவது. மாற்கு 2 ஆம் அதிகாரத்தில் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் கிடந்த கட்டிலை இறக்கிய நால்வரின் விசுவாசம் அந்த நான்காவது காரியத்தைப் போன்றதுதான்.

லூக்கா 17:5-10 ஐயும் இங்கே சேர்க்கவேண்டும். எங்கள் விசுவாசத்தை அதிகமாக்கும் என்று அப்போஸ்தலர் கேட்டதற்குக் கிடைத்த பதில் கடுகுவிதை. உடனே தொடர்ந்து, வயலில் உழுதுவிட்டு வந்து எஜமானுக்குப் பந்தி பரிமாறும் வேலைக்காரனின் உவமை. நமது பிரசங்கங்கள் கடுகுவிதையோடு நின்றுவிடுகின்றன. செய்யவேண்டியதைச் செய்தோம், அவ்வளவுதான் என்று அந்த வேலைக்காரன் சொல்லும் இடம்வரை வாசித்தால்தான் கேள்விக்கான பதில் முடிகிறது.

இனி இருக்கைகள். லூக்கா 14:7-11 இல் இயேசு விருந்தினருக்குச் சொன்னதை நாம் நன்றாகவே பிரசங்கிக்கிறோம்: போய்த் தாழ்ந்த இடத்தில் உட்காரு. அடுத்த மூன்று வசனங்கள் விருந்து வைப்பவனுக்குச் சொன்னவை. அவற்றைத் தொடுபவர் குறைவு, ஏனென்றால் அங்கே விருந்து வைப்பவர் நாம். அழைக்காதே என்று நான்கு பேரைச் சொல்கிறார்: சிநேகிதர், சகோதரர், பந்துஜனங்கள், ஐசுவரியமுள்ள அயலார். அழை என்று நான்கு பேரைச் சொல்கிறார்: ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர். இப்போது நமது கரோல் ஆராதனையையோ அறுப்பின் பண்டிகையையோ எடுத்துக்கொள்வோம். முன் இரண்டு வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டு, பெயர்த் தாள் ஒட்டி வைத்திருக்கும். பிரதம விருந்தினர் வரும்வரை ஆராதனை தொடங்காது. கதவோரத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளில் வேலைக்கு நிற்கும் மலையகத்துப் பெண்கள் நின்றுகொண்டே பாடுவார்கள். உறை போட்ட கதிரைகளில் ஏழெட்டு கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். ஆராதனை முடிந்தபின் விருந்தினருக்கு மண்டபத்தின் உள்ளறையில் பீங்கான் தட்டில் சாப்பாடு, மற்றவர்களுக்கு வெளியே லஞ்ச் ஷீற்றில்.

இதை மாற்றச் செலவு எதுவும் இல்லை. முன் வரிசையை நடக்க முடியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் ஒதுக்குங்கள். வேறு யாருக்கும் பெயர்த் தாள் வேண்டாம். சக்கர நாற்காலி நிற்க இரண்டு கதிரைகளின் அகலம் தேவை. அந்த இடத்தை நடைபாதை ஓரமாக விடுங்கள், தூணுக்குப் பின்னால் அல்ல. வாசலில் நிற்கும் வரவேற்பாளர் இருவரில் ஒருவருடைய ஒரே வேலை, பின்னால் நிற்பவரை அழைத்துவந்து வெறுமையான கதிரையில் உட்கார வைப்பதாக இருக்கட்டும். அவர்கள் உடனே வரமாட்டார்கள். வேலை வீட்டு அம்மா அதே ஆலயத்தில் இருக்கிறார், அவருக்கு முன்னால் எப்படிப் போய் உட்காருவது என்ற கூச்சம் இருக்கும். ஆகவே வீட்டுக்காரர்களிடம் போதகர் முன்கூட்டியே பேசவேண்டும். மேடையில் அறிவித்தால் அந்தப் பெண்களுக்கு வெட்கம் கூடும். சாப்பாட்டுக்கு ஒரே வரிசை, ஒரே தட்டு. பரிமாறுவது சபைக் குழு.

காணிக்கையைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏழை விதவையின் இரண்டு காசை வைத்து எத்தனை கட்டட நிதிப் பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன! மாற்கு 12:41-44 ஐ 38 ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். நீண்ட அங்கி, சந்தைவெளியில் வந்தனம், முதன்மையான ஆசனம், விருந்தில் முதன்மையான இடம் என்று, வேதச் சட்டத்தைப் போதித்த வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரித்துவிட்டு, “விதவைகளின் வீடுகளைப் பட்சித்து” நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி ஒரு விதவை வருகிறாள், தன் ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள். அதற்கடுத்து, 13:2 இல், அந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார். அவளுடைய அர்ப்பணிப்பை அவர் கண்டார், சீஷரையும் காணச் செய்தார். அதே வேளையில், கடைசிக் காசுவரை போடவேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்த அமைப்பு நியாயந்தீர்க்கப்படுகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிரசங்கிப்பது அந்த விதவைக்குச் செய்யும் அநியாயம்.

தொகையையும் பிள்ளைகளுக்குக் கணக்காகக் காட்டலாம். இரண்டு காசு ஒரு துட்டு. அன்றைய ஒரு தெனாரியத்துக்கு 64 துட்டு. ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாட்கூலி. ஆகவே அவள் போட்டது நாட்கூலியில் 64 இல் ஒரு பங்கு. இன்று நாளுக்கு 2,500 ரூபா கூலி எடுப்பவருக்கு அது 40 ரூபாய்க்கும் குறைவு. பெட்டிக்குள் விழுந்தபோது எந்தக் கணக்காளரும் கவனிக்காத தொகை.

இதிலிருந்து சபைக் குழுவுக்கு வரும் வேலை ஒன்று உண்டு. ஆண்டறிக்கையில் பெயர், தொகை, வரிசைப்படி அச்சிடும் காணிக்கைப் பட்டியலை நிறுத்துங்கள். கொடையாளர் பெயரை மின்விசிறியிலும் வாங்கிலும் வண்ணம் பூசி எழுதுவதை நிறுத்துங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு குலை வாழைப்பழத்தை இரண்டு வியாபாரிகள் மாறிமாறிக் கேட்டு ஏற்றி, கைதட்டலோடு முடிப்பதைப் பார்க்கும் பிள்ளை, வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3 ஐ எங்கே போய்க் கற்கும்? விலையை எழுதி வைத்து விற்றாலும் வாழைப்பழம் விற்கும். இதற்கு ஒரு மறுப்பு எப்போதும் வரும்: பெயர் போடாவிட்டால் வருமானம் குறையும் என்பார்கள். முதல் ஆண்டு குறையக்கூடும். அதை முன்கூட்டியே கணித்து வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறாம் மாதத்தில் பட்டியல் திரும்பி வந்துவிடும்.

ஆனால் கொடுப்பவரின் பெயரை மறைப்பதும் கணக்கை மறைப்பதும் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் பல சபைகள் தடுமாறுகின்றன. உறவினரல்லாத இருவர் சேர்ந்து, ஆலயத்திலேயே, அன்றைக்கே எண்ணவேண்டும். நோட்டு வகைப்படி எழுதிய தாளில் இருவரும் கையொப்பமிட வேண்டும். வாரத்தின் மொத்தத் தொகை அடுத்த ஞாயிறு பலகையில் ஏறவேண்டும். கொடுத்தவருக்குப் பற்றுச்சீட்டு தபாலிலோ உறையிலோ போகட்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் தெரிந்தால் போதும். போதகருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. தெரிந்தால் அவருடைய வீடு சந்திப்புப் பட்டியல் தானாக மாறிவிடும்.

“விதைக் காணிக்கை”யைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நகை அடகு வைத்தும் கடன்பட்டும் வாழும் குடும்பங்களிடம், நூறு மடங்கு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிக் காணிக்கை வாங்கப்படுகிறது. மேற்கோள் காட்டப்படும் வசனம் மாற்கு 10:30. அந்த வசனத்துக்குள்ளேயே “துன்பங்களோடேகூட” என்று இருக்கிறது. திரும்பக் கிடைப்பவை என்று இயேசு சொல்வது வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்மார், பிள்ளைகள், நிலங்கள். முந்திய வசனத்தில், அவருக்காக விட்டுவிட்டவற்றின் பட்டியலில் தகப்பன் இருக்கிறார். கிடைப்பவற்றின் பட்டியலில் தகப்பன் இல்லை. ஒருவர் மற்றவர்மேல் அதிகாரம் செலுத்தாத, வீட்டுக் கதவுகள் திறந்திருக்கிற ஒரு குடும்பமாகச் சபையைக் காட்டுகிறார் என்றே நாங்கள் வாசிக்கிறோம். வாடகை கொடுக்க முடியாத விசுவாசிக்கு இன்னொரு விசுவாசியின் வீடு திறப்பதுதான் அந்த நூறு மடங்கு. அதைச் செய்யாத சபை அந்த வசனத்தைக் காணிக்கைக்குப் பயன்படுத்தக்கூடாது.

சிலுவையைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண் போதகரிடம் வந்தால் “இது உங்கள் சிலுவை, பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பும் வழக்கம் ஒழியவேண்டும். மாற்கு 8:34 இல் சிலுவை, இயேசுவைப் பின்பற்ற விரும்பி ஒருவர் தாமாக எடுத்துக்கொள்வது. அவருக்காகவும் சுவிசேஷத்துக்காகவும் வருவது. இன்னொருவருடைய கைமுட்டி ஒருவர்மேல் இறக்கும் அடி அந்தச் சிலுவை ஆகாது. இலங்கையில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. இந்த இரண்டு இலக்கங்களையும் பெண்கள் மலசலகூடக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அங்கேதான் கணவன் பார்க்காமல் எழுதிக்கொள்ள முடியும். சிறு பிள்ளையை நடுவில் நிறுத்திய மாற்கு 9:36 ஐயும் இதோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பு குறைவு. அப்படிப்பட்டவரை ஏற்றுக்கொள்வது என்னை ஏற்றுக்கொள்வது என்றார் இயேசு. கேள்வி கேட்கும் பிள்ளையை அடக்க அந்த வசனத்தை எடுப்பது தலைகீழ்.

சிலுவைப்பாட்டின் வெள்ளிக்கு முந்திய நாளான பெரிய வியாழன் பாதம் கழுவும் ஆராதனை பெரும்பாலும் நாடகமாக முடிகிறது. பன்னிரண்டு பேர் முன்பே தெரிவாகிவிடுவார்கள். எல்லாரும் சபையின் முக்கியஸ்தர்கள். வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு, புதுச் செருப்போடு வருவார்கள். யோவான் 13 இல் இயேசு சீஷரின் பாதங்களைக் கழுவ வந்தபோது பேதுரு மறுத்தான், கழுவப்படுவது அவனுக்குக் கடினமாக இருந்தது. காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸுடைய பாதமும் அங்கே கழுவப்பட்டது; அவன் இருளுக்குள் வெளியே போனது அதற்குப் பின்புதான். இந்த ஆண்டு ஆலயத்தைக் கூட்டித் துடைப்பவர், இரவுக் காவலாளி, வேலைக்கு நிற்கும் பெண்கள், முதல்முறை வந்தவர் என்று அழையுங்கள். பெண்களை அழைக்கத் தயங்கும் கத்தோலிக்கப் பங்குகளுக்கு ஒன்று நினைவூட்டலாம்: பாதம் கழுவப்படுவோரில் பெண்களும் இருக்கலாம் என்று 2016 ஜனவரியில் உரோமையிலிருந்தே அறிவிக்கப்பட்டுவிட்டது. கழுவுபவர்களில் சபைக் குழுத் தலைவரும் பொருளாளரும் இருக்கட்டும். பின்பு அவர்களும் உட்கார்ந்து கழுவப்படட்டும்.

பன்னிரண்டு பேருக்கு எட்டு லீற்றர் தண்ணீர் போதும். ஊற்ற ஒரு கூசா, ஏந்த ஒரு அகன்ற பேசின், அழுக்குத் தண்ணீரை மாற்ற ஒரு வாளி. துவாய் ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே துவாயால் எல்லாரையும் துடைத்தால் கால் விரலிடைச் சேற்றுப்புண் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். தண்ணீர் இளஞ்சூட்டுக்கு மேல் போகக்கூடாது. நீரிழிவு உள்ள முதியவர்கள் பலருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. முழங்கையை விட்டுப் பாருங்கள். புண் உள்ள காலை நனைக்காமல் மற்றக் காலைக் கழுவுங்கள். விரலிடையை ஒற்றி உலர்த்துங்கள். தாழ்ந்த கதிரையில் உட்கார்ந்து எழ முடியாதவருக்குக் கைப்பிடியுள்ள கதிரை வையுங்கள். கமரா வேண்டாம், நேரலையும் வேண்டாம்.

வகுப்பை எப்படி அமைப்பது? எட்டிலிருந்து பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம், ஆறு அமர்வு. அதற்கு மேல் ஆட்கள் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் மூன்று பேர்தான் பேசுவார்கள். கிழமை நாள் மாலையில் வைத்தால் காலி வீதி நெரிசலிலேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். புறக்கோட்டைக் கடை ஊழியர்களும் வேலை வீட்டுப் பெண்களும் வரவே முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, தேநீரும் பணிஸும் கொடுத்துத் தொடங்குங்கள், மதியத்துக்குள் முடியுங்கள். பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ரியூஷன் இருக்கிறது என்று பெற்றோர் சொல்வார்கள். அதில் வாதாடிப் பயனில்லை. அவர்களுக்குப் போயா தினத்தில் தனியாக வையுங்கள்.

முதல் அமர்வில் மாற்கு 8:22 முதல் 10:52 வரை முழு வாசிப்பு மட்டும். இரண்டாவதில் 8:22 முதல் 9:1, மூன்றாவதில் 9:2-29, நான்காவதில் 9:30-50, ஐந்தாவதில் 10:1-31, ஆறாவதில் 10:32-52. லெந்துவின் முதல் ஞாயிறு தொடங்கினால் ஆறாவது, குருத்தோலை ஞாயிறில் வரும். அதை மட்டும் முந்திய சனி மாலைக்கு மாற்றுங்கள். பர்திமேயுவோடு எரிகோவில் நிறுத்திவிட்டு அடுத்த நாள் காலை 11:1 இலிருந்து எருசலேம் பிரவேசத்தை ஆராதனையில் வாசித்தால் பயணம் தானாகத் தொடரும்.

வட்டமாக ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் இருப்பார். ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். ஒருமுறை திணறி எல்லாரும் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள். நன்றாக வாசிக்கும் இருவர் மாறிமாறி வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்; மாற்குவை முதலில் பெற்றவர்களில் பெரும்பாலோர் கேட்டவர்களே. பழைய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் வாசித்தால் வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பிடிபடும்.

கேள்வி மூன்று போதும். சீஷர்கள் இங்கே எதற்குப் பயப்படுகிறார்கள்? 9:32 இல் அவர்கள் கேட்கப் பயந்தார்கள் என்றே எழுதியிருக்கிறது. இயேசு யாரை நடுவில் நிறுத்துகிறார்? நமது சபையில் இந்த வாக்குவாதம் எங்கே நடக்கிறது? மூன்றாவதற்கு முதலில் இரண்டு நிமிடம் மௌனம். பேசும்போது யாருடைய பெயரும் வரக்கூடாது, தன்னைப்பற்றி மட்டும். இதை விட்டால் வகுப்பு, அங்கே வராதவர்களைப் பற்றிய பேச்சாக மாறும், அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் சபை முழுக்கப் போய்விடும். வகுப்பு நடத்துபவர் பேசும் நேரம் ஒன்றரை மணியில் இருபது நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அனுபவத்தில் மிக அதிகமாக மீறப்படும் விதி இதுதான். போதகர்களே அதிகம் மீறுகிறார்கள்.

சான்றிதழ் வேண்டாம். வகுப்பில் இருந்தவர்களும் சபைக் குழுவினரும் பெயர்களை ஒரு பெட்டியில் போட்டுச் சீட்டுக் குலுக்கி, கதிரை அடுக்குவது, தேநீர்க் கோப்பை கழுவுவது, மலசலகூடம் சுத்தம் செய்வது ஆகியவற்றை மூன்று மாதத்துக்குப் பகிர்ந்துகொள்ளட்டும். சம்பளத்துக்கு இந்த வேலை செய்பவர் இருந்தால் அவருடைய சம்பளத்தைக் குறைக்காமல் ஞாயிறு விடுமுறை கொடுங்கள். குலுக்கலில் தலைவர் பெயர் விழுந்து அவர் தம் பிள்ளையையோ சாரதியையோ அனுப்பினால், அதைப் போதகர் நேரில், தனியாகப் பேசவேண்டும். மத்தேயு 18:15 சொல்லும் ஒழுங்கு அதுதான்.

உங்கள் அடுத்த சபைக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்கு தீர்மானங்களை வையுங்கள்: பெயர்த் தாள் இல்லாத முன் வரிசை, கொடையாளர் பட்டியல் இல்லாத ஆண்டறிக்கை, நோயாளிகளுக்கான ஜெப விதி, பெரிய வியாழனுக்கு அழைக்கப்படுவோர். நான்கையும் ஒரே நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால் முன் வரிசையில் தொடங்குங்கள். முதல் அமர்வுக்கு வாசகர் இருவரையும் இப்போதே கேட்டு வையுங்கள். 119 வசனங்களை ஒருமுறையாவது வீட்டில் உரத்து வாசித்துப் பழக அவர்களுக்கு இரண்டு வாரம் வேண்டும். அவர்களில் ஒருவராவது இதுவரை ஆலயத்தில் வேதம் வாசிக்க அழைக்கப்படாதவராக இருக்கட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
வேதாகமம் கற்பிப்போர் சிலர்
கொழும்பு